மண் ஒரு பானை



ஒரு கேள்வியோடு தொடங்கலாம். இரண்டு தென்னை மரங்கள். ஒரே வகைக் கன்று. ஒரே உரம். ஊற்றியதும் ஒரே அளவு தண்ணீர். ஒரு மரம் குலை குலையாகக் காய்க்கிறது. மற்ற மரத்தில் குரும்பை உதிர்கிறது. ஏன்?

“கைராசி” என்பார் ஒருவர். “கண் பட்டுவிட்டது” என்பார் இன்னொருவர். “இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும்” என்பார் மூன்றாமவர். விடை மரத்தின் உச்சியில் இல்லை. காலுக்குக் கீழே இருக்கிறது. அதுதான் மண்.

திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள். மிருகக்காட்சிசாலை பார்ப்பார்கள். கடற்கரை பார்ப்பார்கள். அந்த ஊரில் மண்ணுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது பாரோட்டுக்கோணம் என்னும் இடத்தில் உள்ளது. 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கேரளத்தின் 82 வகை மண் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. மேல்மண் முதல் அடிமண் வரை, நின்ற நிலையிலேயே வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று வெள்ளை. ஒன்று சிவப்பு. ஒன்று கறுப்பு. ஒன்றில் சரளைக் கல் நிறைந்திருக்கிறது. ஒன்றில் ஒரு கல்கூட இல்லை.

அவ்வளவு தூரம் போகாமலும் இதைக் காணலாம். பூவாறு கடற்கரையில் பேருந்து ஏறுங்கள். மலையைப் பார்த்துப் போங்கள். கடலோரத்தில் வெறும் மணல். விழிஞ்ஞம், வெள்ளாயணி, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆழமான செம்மண். இடையில் உள்ள பள்ளங்களில், நெல் விளைந்த நிலங்களில் களிமண். ஆற்றங்கரைகளில் வண்டல். நெடுமங்காடு, ஆற்றிங்கல் பக்கம் சரளை கலந்த செம்மண். அதன் அடியில் வீடு கட்ட உதவும் வெட்டுகல். அகத்திய மலைப் பக்கம் போனால் இலை மக்கிய காட்டு மண். சில மணி நேரப் பயணம்தான். அதற்குள் இத்தனை மண்!

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது நல்ல மழைதான். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. வைகாசி, ஆனியில் ஒரு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மற்றொரு மழைக்காலம். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதமும் பயிரைக் காப்பாற்ற வேண்டும். கிணறும் குளமும் வாய்க்காலும்தான் துணை.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அக்காள் ஒருத்தி. தம்பி ஒருவன். அக்காளைப் பூவாறு பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வீட்டு விளையில் 20 தென்னை. எல்லாம் மணல். தம்பியின் நிலம் வெள்ளாயணிக் காயலோரம். அவனுக்கும் 20 தென்னை. அது வண்டல் கலந்த களிமண். தேங்காய்க் காசில்தான் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஒரு கோடையில் அக்காள் கடன் வாங்கி மோட்டார் வைத்தாள். தம்பியிடம் யோசனை கேட்டாள்.

“ஒன்பது நாளைக்கு ஒரு தடவை விடுக்கா. ஒரு மரத்துக்கு அரை மணி நேரம். நான் அப்படித்தான் விடுகிறேன்” என்றான் அவன்.

அக்காளும் அப்படியே செய்தாள். தம்பி வீட்டு மரங்கள் பச்சையாக நின்றன. அக்காள் வீட்டு மரங்களில் குரும்பை உதிர்ந்தது. அடி ஓலைகள் வாடித் தொங்கின. மோட்டார் கடன் மட்டும் குறையவில்லை.

“நீ சொன்னபடிதானே செய்தேன் தம்பி? தண்ணீர் எல்லாம் எங்கே போச்சு?” என்று அக்காள் கேட்டாள். தம்பிக்குப் பதில் தெரியவில்லை.

தண்ணீர் எங்கே போனது? இதை வீட்டுத் திண்ணையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்று சிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கண் உள்ள சிரட்டையாக இருக்கட்டும். கண்ணைத் திறந்து, அதன்மேல் ஒரு சிறு துணித் துண்டு வையுங்கள். ஒன்றில் உலர்ந்த மணலை நிரப்புங்கள். ஒன்றில் உலர்ந்த செம்மண். ஒன்றில் உலர்ந்த களிமண்ணைப் பொடித்துப் போடுங்கள். ஒவ்வொரு சிரட்டையையும் ஒரு டம்ளர் மேல் வையுங்கள். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள்.

மணலில் ஊற்றிய தண்ணீர் உடனே கீழே வந்துவிடும். பெரும்பகுதி டம்ளரில் இருக்கும். களிமண்ணில் தண்ணீர் மேலேயே வெகுநேரம் நிற்கும். பிறகு சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் இறங்கும். செம்மண் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

டம்ளருக்கு வந்த தண்ணீர்தான் வேருக்குக் கிடைக்காமல் போகும் தண்ணீர். சிரட்டையில் தங்கியதுதான் பயிருக்கு உதவும்.

மணல் துகள் பெரியது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடைவெளியும் பெரியது. அதன் வழியே தண்ணீர் ஓடிவிடுகிறது. களிமண் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இடைவெளிகள் மிக நுண்ணியவை. அவற்றில் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. மீன் வலையில் தண்ணீர் நிற்குமா? நிற்காது. சாக்கை நனைத்தால்? நிற்கும். அதைப் போலத்தான்.

மண்ணில் தங்கும் தண்ணீர் எல்லாம் பயிருக்குக் கிடைக்குமா? அதுவும் இல்லை. துணி துவைப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். நனைந்த துணியைத் தூக்கினால் முதலில் தண்ணீர் தானாக ஒழுகும். பிறகு பிழிந்தால் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகு எவ்வளவு பிழிந்தாலும் வராது. ஆனாலும் துணியில் ஈரம் இருக்கும்.

மண்ணிலும் இப்படி மூன்று தண்ணீர் உண்டு. தானாக ஒழுகி ஆழத்துக்குப் போவது ஒன்று. வேர் உறிஞ்சி எடுப்பது ஒன்று. மண் இறுகப் பிடித்துக்கொண்டு, வேருக்குத் தராமல் வைத்துக்கொள்வது ஒன்று. நடுவில் உள்ள இரண்டாவது தண்ணீர்தான் பயிரின் குடிநீர்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். அந்த அளவு மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மணலாக இருந்தால் பயிருக்குக் கிடைக்கும் தண்ணீர் சுமார் 25 முதல் 100 லிட்டர். மணலும் களியும் வண்டலும் கலந்த மண்ணானால் 100 முதல் 175 லிட்டர். களிமண்ணானால் 175 முதல் 250 லிட்டர்.

ஆகவே மண் ஒரு பானை. மணல் சிறிய பானை. களிமண் பெரிய பானை. சிறிய பானையில் ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் என்ன ஆகும்? வழிந்து போகும். நாலு நாளில் பானை காலியாகும். மீதி நாளெல்லாம் வீட்டில் தாகம். அக்காள் விளையில் நடந்தது இதுதான். மரத்துக்கு அரை மணி நேரம் விட்ட தண்ணீரில் பெரும்பகுதி வேரைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட்டது. போகும்போது போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு போயிற்று.

திருச்சூர் அருகே வெள்ளானிக்கரையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1971ல் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்து வெள்ளாயணியில் 1955ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் இப்போது அதைச் சேர்ந்ததுதான். தென்னைக்குத் தண்ணீர் விடுவது பற்றி அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கணக்குச் சொல்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் தூரத்தில் வட்டப்பாத்தி எடுக்க வேண்டும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி ஏறத்தாழ அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பிறகு மண்ணுக்குத் தக்கபடி தண்ணீர் விட வேண்டும்.

மணலில் 600 லிட்டர், 3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை.

மணல் கலந்த பசை மண்ணில் 900 லிட்டர், 5 நாளுக்கு ஒரு முறை.

நல்ல பசை மண்ணில் 1,300 லிட்டர், 8 நாளுக்கு ஒரு முறை.

வண்டல் கலந்த களிமண்ணில் 1,600 லிட்டர், 9 நாளுக்கு ஒரு முறை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். களிமண்ணில் 1,600 லிட்டரை 9 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளுக்கு 178 லிட்டர். மணலில் 600 லிட்டரை மூன்றரை நாளுக்குப் பங்கு போட்டால் 171 லிட்டர். மற்ற இரண்டும் ஏறத்தாழ இதே அளவுதான். பென்சில் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

என்ன தெரிகிறது? மரத்தின் தாகம் எங்கும் ஒன்றுதான். பானைதான் வேறு. மணலுக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டியதில்லை. அடிக்கடி வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும்.

600 லிட்டரை எப்படி அளப்பது? 15 லிட்டர் வாளி ஒன்றை எடுங்கள். குழாயடியில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 15 விநாடியில் நிரம்பினால், ஒரு விநாடிக்கு ஒரு லிட்டர். அப்படியானால் 600 லிட்டருக்கு 10 நிமிடம். 1,600 லிட்டருக்குச் சுமார் 27 நிமிடம். கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும். தண்ணீர் கணக்கு கைக்குள் வந்துவிடும்.

அக்காள் மறு கோடையில் முறையை மாற்றினாள். நாலு நாளுக்கு ஒரு தடவை, மரத்துக்குப் பத்து நிமிடம் விட்டாள். மாதக் கணக்குப் பார்த்தால் மோட்டார் ஓடிய நேரம் கூடவில்லை. தண்ணீரும் கூடவில்லை. ஆனால் வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தது. குரும்பை உதிர்வது குறைந்தது.

கடலோரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மோட்டாரை நெடுநேரம் ஓட்டி ஒரேயடியாக இறைத்தால், அடியிலிருந்து உப்பு மேலே ஏறும். கிணறு கரித்துவிட்டால் தென்னைக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே கிணற்றுக்கு நல்லது.

விளைச்சல் உடனே கூடிவிடுமா? பொறுமை வேண்டும். பாளை வெடித்ததிலிருந்து தேங்காய் முற்றுவதற்கு ஏறத்தாழ 12 மாதம் ஆகும். அந்தப் பாளை மரத்துக்குள் கருவாகத் தோன்றியதோ அதற்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பு. இன்று பட்ட வறட்சி அடுத்தடுத்த ஆண்டுகளின் குலையிலும் தெரியும். இன்று முறையாக விட்ட தண்ணீரின் முழுப் பலனும் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் கைக்கு வரும். ஒரு கோடையில் விட்டுப் பார்த்து, “பயனில்லை” என்று நிறுத்திவிடக் கூடாது.

தண்ணீர் கூடக் கூட விளைச்சலும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. பசித்தவனுக்கு முதல் கவளம் அமுதம். பத்தாம் கவளம் போதும் போதும் என்றிருக்கும். அதற்கு மேல் போனால் வயிற்று வலி. பயிரும் அப்படித்தான். வறண்ட மணலில் விடும் முதல் தண்ணீர் பெரிய பலன் தரும். ஆழமான செம்மண்ணில் வேர் கீழே இறங்கிச் சேமிப்பைக் குடிக்கும். ஆகவே சில நாள் தாமதித்தாலும் மரம் தாங்கும். ஏற்கெனவே ஈரமான களிமண்ணில் மேலும் தண்ணீர் விட்டால் பலன் இல்லை. கேடுதான் வரும். வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. வேர் அழுகும். மரச்சீனியானால் கிழங்கே அழுகிவிடும்.

வேர் எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் பானையின் ஆழம். இதையும் மறக்கக் கூடாது. வாழையின் வேர் அதிக ஆழம் போகாது. ஏத்தன் வாழைக்கு நல்ல மண்ணிலும் பானை சிறியதுதான். சரளை மண்ணில் அடியில் வெட்டுகல் தட்டினால், வேர் அங்கேயே நின்றுவிடும். அங்கேயும் பானை சிறியது. மேலே செம்மண்ணாகத் தெரிவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு குழி வெட்டிப் பார்ப்பது நல்லது.

வாய்க்கால் தண்ணீரை நம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நெய்யாறு அணை 1958ல் கட்டப்பட்டது. வலது வாய்க்கால் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்கு. இடது வாய்க்கால் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கத்துக்கு. ஒரு காலத்தில் எல்லாம் திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை பிரிந்தது. 2004 முதல் இடது வாய்க்காலில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. அதன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் விவசாயிக்கு ஒன்று பொது. தண்ணீர் நினைத்தபோது வராது. முறை வந்தால்தான் வரும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் மண் ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். களிமண் பிடித்துவைக்கும். மணலும் சரளையும் பிடித்துவைக்காது. அப்படியானால் என்ன செய்வது?

பானையைப் பெரிதாக்கலாம்! ஆம், மண்ணின் பானையை மனிதன் கொஞ்சம் பெரிதாக்க முடியும். மக்கிய தொழு உரம், பசுந்தழை, குளத்து வண்டல் ஆகியவற்றை மணலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அவை மண்ணுக்குள் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கதம்பை என்று சொல்லும் தேங்காய் மட்டையை எரிக்கக் கூடாது. பாத்தியிலோ வரிசைகளுக்கு நடுவிலோ குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைக்க வேண்டும். ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறு கிண்ணம். பல ஆண்டுகளுக்கு அது ஈரம் காக்கும். பாத்தியின் மேல் காய்ந்த ஓலையைப் பரப்பினால் வெயில் ஈரத்தைக் குடிக்காது.

சொட்டுநீர் வைப்பவர்களும் மண்ணைப் பார்க்க வேண்டும். களிமண்ணில் ஓர் இடத்தில் விழும் சொட்டு அகலமாகப் பரவும். மணலில் நேராகக் கீழே இறங்கும். ஆகவே மணலில் ஒரு தென்னைக்கு 6 சொட்டுவாய் வேண்டும். மற்ற மண்ணில் 4 போதும்.

களிமண்காரர் செய்ய வேண்டியது வேறு. அவர் பானையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. வடிகால் வெட்ட வேண்டும். மேட்டுப்பாத்தி எடுத்து வாழையும் காய்கறியும் நட வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் வழிவிட வேண்டும்.

தங்கள் மண் என்ன வகை என்று எப்படி அறிவது? ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசையுங்கள். உருண்டை பிடியுங்கள். உருண்டையே வராமல் உதிர்ந்தால் அது மணல். உருண்டை வந்து, திரித்தால் உடைந்தால் அது கலப்பு மண். கயிறு போலத் திரித்து, வளையல் போல வளைக்க முடிந்தால் அது களிமண். தண்ணீர் விடும் நாள் வந்துவிட்டதா என்பதையும் கையே சொல்லும். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பாருங்கள். அங்கே ஈரம் நன்றாக இருந்தால் இன்னும் காத்திருக்கலாம்.

கை சொல்லாததைச் சோதனைச்சாலை சொல்லும். கேரளத்தில் 1987 முதல் கிருஷி பவன்கள் இயங்கி வருகின்றன. குமரிப் பக்கத்தில் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. அங்கே கேட்டால், மண் மாதிரி எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். முடிவு எழுத்தில் வரும். அந்தத் தாளை இப்போது நீங்களே படிக்கலாம். யாரிடமும் கொண்டுபோய் நீட்ட வேண்டியதில்லை.

அக்காள் இப்போது சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். அதில் தேதியும் நிமிடமும் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. தம்பி வந்தபோது அதைப் பார்த்தான்.

“நானும் நாலு நாளைக்கு ஒரு தடவை விடட்டுமாக்கா?” என்று கேட்டான்.

அக்காள் சிரித்தாள். “உன் மண்ணும் என் மண்ணும் ஒண்ணா தம்பி? உனக்கு ஒன்பது நாள்தான் சரி. முதலில் உன் விளையில் ஒரு பிடி மண் எடுத்துப் பிசைந்து பார்” என்றாள்.